முதலில் குடிவந்தவர்

நெபுலைசர் பெட்டியின் சுவிட்சைத் தட்டிவிட்டு ரூத் சிஸ்டர் அடுத்த பிள்ளைக்கு எடை பார்க்கப் போய்விட்டாள். இனி மருந்து தீர்கிறவரைக்கும் உலகம்மைக்கு வேலை ஒன்றே ஒன்றுதான், மடியில் திமிறுகிற மகளுடைய மூக்கும் வாயும் மூடும்படி அந்தப் பச்சை முகமூடியைப் பிடித்துக்கொண்டிருப்பது. அதையும் அழுத்திப் பிடிக்கக் கூடாது, தளர்த்தவும் கூடாது, அழுத்தினால் அலறுவாள், தளர்த்தினால் மருந்துப் புகை கண்ணுக்குள் போகும், புகை என்று சொல்லலாமா அதை, புகையில்லை, ஆவியும் இல்லை, காற்று உடைத்துப் போட்ட மருந்துத் துளி, சரி, யார் கேட்டார்கள் இப்போது, பிள்ளைக்கு மூச்சு இழுக்கிற நேரத்திலும் எதையும் சரியான பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன் என்று அடம்பிடிக்கிற புத்தி. பொருநைக்கு ஒன்றரை வயசு, ஆனால் கோபம் வந்தால் தாலுகா ஆபீஸ் கிளார்க்கு மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள், இப்போதும் முகமூடிக்கு மேலே அந்த இரண்டு கண்ணும் அம்மாவை முறைக்கின்றன, என்னை இப்படிச் செய்கிறாயே, உன்னை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று. பார்த்துக்கோடி தங்கம், நல்லாப் பார்த்துக்கோ, முதலில் மூச்சு விடு. பெட்டி உறுமுகிறது. அந்த உறுமலுக்கு அடியில் பிள்ளையின் நெஞ்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டித் தீட்டி, கடைசியில் பெட்டியின் சத்தமே விசில் அடிக்கிற மாதிரி இருக்கிறது, மின்விசிறியும் விசில் அடிக்கிறது, பாளையங்கோட்டை முழுக்க விசில் அடிக்கிறது. டாக்டர் ஜெஸிந்தா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "இந்த டோஸ் முடியட்டும், அப்புறம் கேட்டுப் பாப்பேன். அப்பவும் நெஞ்சுல விசில் இருந்துச்சுன்னா, வந்தப்போ வந்தப்போ பாக்குற கதை இனிமே வேண்டாம், தினசரி இன்ஹேலர் தொடங்கிருவோம். ஆஸ்துமான்னு இப்பவே பேர் வைக்க வேண்டாம் உலகம்மை, அதுக்கு வயசு பத்தாது. ஒங்களுக்குத் தெரியாததா?" பக்கத்து நாற்காலியில் ஒரு பையன் பிஸ்கட்டைத் தரையில் உதிர்த்துக்கொண்டிருக்கிறான், அவன் அம்மா அதைப் பார்க்காத மாதிரி இருக்கிறாள்.

ஒங்களுக்குத் தெரியாததா. அதுதானே வினையாகப் போயிற்று. தெரியாதவளாக இருந்திருந்தால் மற்ற அம்மாக்களைப் போல டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிடலாம், அவர் சிரித்தால் சிரித்து, அவர் புருவத்தைச் சுருக்கினால் பயந்து. உலகம்மை பார்க்கிற உத்தியோகமே இதுதான். பிறந்த பிள்ளைகளின் குடலில் எந்தெந்த நுண்ணுயிர் குடியிருக்கிறது, எது குறைந்துபோனால் பின்னால் அந்தப் பிள்ளைக்கு இழுப்பு வருகிறது என்று தேடுகிற ஆராய்ச்சி. நெஞ்சில் வருகிற நோய்க்கு வயிற்றில் போய் என்ன தேடுகிறாய் என்று கேட்காத சொந்தக்காரர் ஒருத்தர் கிடையாது. வீடு வீடாகப் போய்ப் பச்சைப் பிள்ளைகளின் அழுக்கு டயப்பரை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆய்வுக்கூடத்து உறைபெட்டியில் சேர்த்து, பிறகு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயசு வரைக்கும் இருமுகிறதா இரைக்கிறதா என்று விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலப்பாளையத்துப் பெண்கள் அவளுக்குப் பீ டாக்டரம்மா என்று பேர் வைத்திருக்கிறார்கள், முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், "ஏ, பீ டாக்டரம்மா வந்திருக்கு, டீ போடு" என்று. ஒரு வீட்டில் டயப்பரைத் தோசைமாவுக்குப் பக்கத்தில் ஃப்ரீசரில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள், அந்த வீட்டுக்காரர் ஐஸ்கிரீம் என்று நினைத்துப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். உலகம்மைக்கு இதெல்லாம் பிடிக்கும். அந்த வீடுகள் பிடிக்கும், அந்தப் பிள்ளைகள் பிடிக்கும், யார் யாருக்கோ பிறந்த பிள்ளைகள் குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது எல்லாம் அவளுக்குத் தெரியும், அவர்களில் ஒன்றுக்கு இழுப்பு வந்துவிட்டது என்று போன் வந்தால் அன்றைக்கு முழுக்க மனசு சரியாக இருக்காது, ஆனாலும் கம்ப்யூட்டரில் அதைக் குறித்துக்கொள்கிறபோது உள்ளே ஏதோ ஒன்று, ஆகா, ஒன்று கிடைத்தது என்று எழுந்து உட்காரும். அந்த ஏதோ ஒன்றை இப்போது கூப்பிட்டு உட்கார வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருக்கிறது.

வேறு எதற்காக இந்தப் படிப்புக்குப் போனாள். வாசலில் செருப்பு கழற்றிப் போடுகிற இடத்துக்குப் பக்கத்து பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறானே, அவனுக்காகத்தான். அண்ணன் சொரிமுத்து. இன்சூரன்ஸ் ஏஜெண்ட், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, புருஷன் ஓசூரில் வேலை பார்க்கிறதால் பிள்ளைக்கு ஒன்று என்றால் ஓடிவருகிறவன் அவன்தான். பேசிப் பேசியே ஆளைக் கவிழ்த்துவிடுவான், நடுவில் மூச்சு வாங்குவதற்காக அவன் நிறுத்துகிற நிறுத்தத்தைக் கேட்கிறவர்கள் பெரிய யோசனை என்று நினைத்துக்கொண்டு பாலிசியில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். சின்ன வயசிலிருந்தே இழுப்பு, இப்போதும் இன்ஹேலர்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் காப்பி வருவதற்கு முன்னாலேயே தானாக முந்திக்கொண்டு, எனக்கு இரைப்பு உண்டு, இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் வருத்தப்படாதீங்க என்று சொல்லிவிடுவான், பிறகு எங்கே கல்யாணம். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஜன்னலோரம் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருப்பான், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி இறங்கும், கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வரும். உலகம்மை அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து அவனோடு சேர்ந்து மூச்சை இழுப்பாள். தான் நன்றாக இழுத்தால் அதில் கொஞ்சம் அவனுக்குப் போய்ச் சேரும் என்று அப்போது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது, இன்றைக்கு வரைக்கும் எதைப் பற்றியும் அவ்வளவு நிச்சயமாக எதுவும் தெரிந்ததில்லை. இழுத்து இழுத்துத் தலை சுற்றி அவள் சாய்ந்துவிடுவாள், மூச்சு விட முடியாத அந்த நிலைமையிலும் அவன், "ஏட்டி, நோயாளி நானா நீயா," என்று ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் கேட்பான். அப்பா அவனை மலைக்கு அந்தப் பக்கம் யாரோ வைத்தியரிடம் கூட்டிப்போய் வாழைப்பழத்துக்குள் ஏதோ மருந்தை வைத்து விழுங்க வைத்துக் கூட்டிவந்தார். எப்படி இருந்துச்சுண்ணே என்று கேட்டதற்கு, "மருந்து கேக்கல. பழம் நல்ல பழம்," என்றான். பொருநை இருமுகிறாள், முகமூடிக்குள் எச்சில் தெறிக்கிறது, முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கும்போது அவள் தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்க்கிறாள்.

வாசல் பக்கம்தான் பார்க்கிறாள். மாமனை. வருகிறபோது ஆட்டோவில் அவன் பின்னால் உட்காரவில்லை, டிரைவருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்து வந்தான், பின்னால் இடம் கிடந்தது. இங்கே வந்தும் உள்ளே வராமல் செருப்புக்குக் காவல் இருக்கிறவன் மாதிரி வெளியே உட்கார்ந்துகொண்டான். போன வாரம் வீட்டுக்கு வந்தபோது சப்போட்டாப் பையைக் கதவோரம் வைத்துவிட்டு நின்றுகொண்டே போய்விட்டான், பிள்ளை தூக்கு தூக்கு என்று கையை நீட்டியதற்கு, "வெளிய போய்ட்டு வந்த கை, அழுக்கு," என்றான். அதற்கு முந்தின தடவை சளி, தடுமம் என்றான். அதற்கும் முந்தி என்ன சொன்னான், ஏதோ அவசரமாக ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்றான். எத்தனை நாளாக அவன் பிள்ளையைத் தூக்கவில்லை. தினமும் வந்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய், போகிற வருகிற ஆடு மாடு ஆட்டோ எல்லாவற்றுக்கும் அவளை அறிமுகப்படுத்தி வைத்துவிட்டு வருகிறவன், அவளுக்கு முதல் இழுப்பு வந்த நாளிலிருந்து அவளைத் தொடவே இல்லை. இது எப்படி இத்தனை நாள் கண்ணில் படாமல் போனது. ஊரான் பிள்ளை இருமியதா என்று விசாரிக்கிறவளுக்குத் தன் வீட்டு வாசலில் ஒருத்தன் ஒதுங்கி நிற்கிறது தெரியவில்லை. ஏன் ஒதுங்குகிறான், பயமா, தன் பிள்ளைக்காலம் ஞாபகம் வந்து பார்க்கச் சகிக்கவில்லையா, இல்லை, அப்படிப்பட்டவன் இல்லை அவன், இழுப்பு வந்தால் இன்னும் கிட்டத்தானே வருவான்.

சேனை. அந்தச் சொல் எங்கிருந்தோ வந்து நின்றது. பிள்ளை பிறந்ததும் நல்ல குணமுள்ள ஆளாகப் பார்த்து, சீனித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைக்கச் சொல்வார்கள், சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது இங்கே எல்லார் வீட்டிலும் உண்டு. பிள்ளை கொஞ்சம் அடம்பிடித்தால் போதும், இதுக்குச் சேனை வச்சது எந்தப் புண்ணியவான் என்று கேட்டுவிடுவார்கள். தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்காதீங்கம்மா என்று அம்மாக்களிடம் தொண்டை வறளச் சொல்கிறவள்தான் உலகம்மை, கூட வேலை செய்கிற பெண்களையும் அப்படியே சொல்லப் பழக்கியவள், அவளே ஆபரேஷன் முடிந்து மயக்கம் முழுக்கத் தெளியாமல் கிடக்கும்போது, "அண்ணன எங்க, அண்ணன் வந்து சேனை வைக்கட்டும், வேற ஒருத்தரும் வைக்கக் கூடாது," என்று நாக்குக் குழறச் சண்டை பிடித்தாள். நர்ஸ் திரும்பின நேரம் பார்த்து அவன் வைத்தான். கையை முழங்கைவரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தான், கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டான், ஒற்றை விரலின் நுனியில் ஒரு சொட்டு, அவ்வளவுதான், பிள்ளை சப்புக்கொட்டியது. "கடிக்கிறாட்டி!" என்றான், பல் இல்லாத வாயைப் பார்த்து. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது அப்போது. இந்தப் பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு வந்தால் போதும், மூச்சு முட்டுகிற நேரத்திலும் எதிராளியைச் சிரிக்க வைக்கிற அந்தக் குணம் வந்தால் போதும், படிப்பும் வேண்டாம் பவிசும் வேண்டாம் என்று உலகம்மை நினைத்தாள். அதில் தப்பு என்ன. ஒரு சொட்டுத் தண்ணீர்.

ஒரு சொட்டுதான், ஆனால் அப்புறம் ஒன்று நடந்தது, சாப்பாட்டு மேஜையில். அம்மாக்கள் கூட்டத்தில் பேசுவதற்காக உலகம்மை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்பதற்கு ஆள் வேண்டும் என்று அண்ணனை எதிரில் உட்கார வைத்திருந்தாள், அவன் மடியில் பொருநை, அவள் வாயில் இட்லியைத் திணித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். "பிறந்த பிள்ளையோட குடல் புதுசாக் கட்டின வீடு. காலியா இருக்கும். மொதல்ல குடிவர்றவங்க நல்லவங்களா அமைஞ்சிட்டா, அதுக்கப்புறம் வர்றவங்களும் ஒழுங்கா இருப்பாங்க. எது நம்ம ஆளு, எது வெளியாளுன்னு ஒடம்புக்குச் சொல்லிக்குடுக்கிறதே அவங்கதான். அது சரியா நடக்கலேன்னா ஒடம்பு சாதாரணத் தூசியப் பாத்தாக்கூடச் சண்டைக்கு நிக்கும். அந்தச் சண்டையிலதான் மூச்சுக்குழல் சுருங்கி இழுப்பு வருது." நன்றாகத்தான் இருந்தது, தனக்குத் தானே மெச்சிக்கொண்டாள். அண்ணன் இட்லிக் கையோடு கேட்டான், "அப்போ நம்ம பொருநை வீட்டுக்கு மொதல்ல குடிவந்தது யாருட்டி?" அவள் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வேற யாரு? நீதான். மொத ஆளா வெரல விட்டியே." சிரித்தாள். அவனும் சிரித்தான். கொஞ்சம் தாமதித்துச் சிரித்தான், மூச்சு வாங்குகிறான் என்று அவளும் நினைத்துக்கொண்டாள், பாலிசி போட்ட ஆட்களைப் போலவே. அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் பொருநைக்கு முதல் இழுப்பு. நீதான். கடவுளே, நீதான் என்று சொல்லியிருக்கிறேன். நீதான் என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டுபோய் அவன் இத்தனை நாள் தனியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். தான் பட்ட பாடெல்லாம் தன் விரல் நுனி வழியாக இந்தப் பிள்ளைக்குள் இறங்கிவிட்டது, இன்னும் கிட்டப் போனால் இன்னும் இறங்கும் என்று நினைத்துக்கொண்டு சப்போட்டாவைக் கதவோரம் வைத்துவிட்டுப் போகிறான்.

உடனே எழுந்து போய் அப்படி இல்லை என்று சொல்ல வேண்டும், எழுந்திருக்க முடியாது, டியூப் அவ்வளவு தூரம் நீளாது. சரி, என்னவென்று சொல்வது. இல்லை என்று சொல்லலாம், முழு மனசாகச் சொல்லலாமா. ஒரு சொட்டுச் சீனித் தண்ணீரில் என்ன வந்தது என்று யாரும் அளந்து பார்த்ததில்லை, அவளுக்குத் தெரிந்து இல்லை. பிள்ளைக்குள் வருகிற நுண்ணுயிரில் பெரும்பங்கு அம்மாவிடமிருந்து வருகிறது, அப்படிப் பார்த்தால் முதல் ஆள் உலகம்மைதான். ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை, அது ஒன்று. பிறந்ததும் காய்ச்சல் என்று ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள், அது ஒன்று. பால் ஊற நாளானதால் பவுடர் பால் கொடுத்தது, அது வேறு. நாய் இல்லை மாடு இல்லை, மூன்றாவது மாடியில் தரையை லோஷன் போட்டுத் துடைத்துத் துடைத்து வளர்த்த பிள்ளை. அதையெல்லாம் விட, இழுப்பு ரத்தத்திலேயே வரும், அண்ணனும் அவளும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், அவனுக்கு நெஞ்சில் வந்தது அவளுக்கு முழங்கை மடிப்பில் அரிப்பாக வந்து நின்றுவிட்டது, ஆக வந்த வழியைத் தேடிப் போனால் அது அவளுக்குள்ளேயே வந்து முடியலாம். லாம். எல்லாம் லாம்தான். சேர்ந்து வருவது வேறு, அதனால் வருவது வேறு என்று மாணவர்களுக்கு மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்கிறவளுக்கு இந்தப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தனிடம் சொல்வதற்கு உறுதியாக ஒரு வார்த்தை இல்லை. பொய் சொல்லிவிடலாம். அவன் கண்டுபிடித்துவிடுவான், வாயால் பிழைக்கிறவன் அவன். பொருநை முகமூடியைப் பிடுங்குகிறாள், இரண்டு கையாலும், காலால் பெட்டியை உதைக்கிறாள், மாமா மாமா என்று அழுகிறாள், அழ அழ இருமல், இருமல் முற்றி இழுப்பு, பிஸ்கட் பையனுடைய அம்மா திரும்பிப் பார்க்கிறாள். ரூத் சிஸ்டர் உள்ளிருந்து, "யாராச்சும் சேந்து பிடிங்க, மருந்து எல்லாம் வெளிய போகுது!" என்று சத்தம் போடுகிறாள்.

"அண்ணே, இங்க வா!" வாசலில் அவன் எழுந்து நின்றான், உள்ளே வரவில்லை. "எனக்குத் தடுமமா இருக்குட்டி. அந்த அம்மாவக் கொஞ்சம் பிடிக்கச் சொல்லேன்." "ஒனக்குத் தடுமமும் இல்ல ஒண்ணும் இல்ல. அன்னைக்கு நீதான்னு நான் சொன்னதுக்குத்தான இப்படி நிக்க?" நாலு பேருக்கு நடுவில் இப்படிக் கேட்டாயிற்று, கேட்ட பிறகு வெட்கப்பட்டு என்ன செய்ய. சொரிமுத்து செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வாசற்படியைத் தாண்டி ஒரு எட்டு உள்ளே வந்து, மெதுவாகக் கேட்டான், "வெளையாட்டுக்குத்தான் சொன்ன, தெரியும். ஆனா பொய் இல்லையே உலகு? நீ படிச்சவ. நெஞ்சத் தொட்டுச் சொல்லு, எங்கிட்ட இருந்து போயிருக்காதா?" இல்லை என்பது நாக்கின் நுனி வரைக்கும் வந்தது, இதோ சொல்லிவிடலாம், சொல்லிவிட்டால் தீர்ந்தது. "தெரியாதுண்ணே," என்றாள் உலகம்மை. "எனக்குத் தெரியாது. இப்போதைக்கு ஒருத்தருக்கும் தெரியாது. எங்கிட்ட இருந்து போயிருக்கலாம், அம்மாகிட்ட இருந்து நம்ம ரெண்டு பேருக்கும் வந்து இவளுக்குப் போயிருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் வந்திருக்கலாம். நீ எட்டி நின்னா இவளுக்கு இழுப்பு வராதுன்னு மட்டும் எந்தப் படிப்புலயும் இல்ல." அவன் தலையை ஆட்டினான், நம்பினானா இல்லையா தெரியவில்லை. அழுகை அவளுக்கு வந்துவிட்டது, பிள்ளையை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு சொன்னாள், "சரி, ஒங்கையாலதான் வந்துச்சுன்னே வச்சுக்கோ. அது தெரிஞ்சிருந்தாலும் அன்னைக்கு ஒன்னையத்தான் கூப்பிட்டிருப்பேன். வேற யாரக் கூப்பிடுவேன் நான்?"

சொல்லிவிட்டாள், சொன்ன கையோடு உள்ளே ஒன்று கேட்கிறது, நிஜமாகவா, இந்தக் கழுத்துக் குழி இப்படி உள்ளே போவதைத் தெரிந்தே கூப்பிட்டிருப்பாயா, பெற்றவளா நீ. தெரியவில்லை. அதுவும் தெரியவில்லை. ஆனால் பொய் சொன்ன மாதிரியும் இல்லை, ஒரு பக்கம் மகள் ஒரு பக்கம் அண்ணன் என்று யாரோ தராசைக் கொண்டுவந்து வைத்தால் அந்தத் தராசைத்தான் முதலில் தூக்கி எறிய வேண்டும். அவன் அதற்குள் வந்துவிட்டான், தொளதொளவென்ற அந்த ஏஜெண்ட் சட்டையில் வியர்வையும் தைல வாசனையுமாக, பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினான், நீட்டின கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தான், பொருநை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை, அம்மா மடியிலிருந்து ஒரே பாய்ச்சலாக அவன் மேல் விழுந்து சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் எங்கே போயிருந்தாய் என்று கேட்கிற மாதிரி அவன் காதைத் திருகினாள். "வலிக்குட்டி, விடு, தப்புதான், தப்புதான்," என்றான். உலகம்மை முகமூடியை வைத்தாள், பிள்ளை தட்டிவிடவில்லை, அவன் நெஞ்சில் சாய்ந்துகொண்டு மருந்தை இழுத்தாள். அவன் ஒரு மூச்சு, அவள் ஒரு மூச்சு. இரண்டும் ஒரே மாதிரி கரகரக்கின்றன, எது யாருடையது என்று பக்கத்திலிருந்து கேட்டால் தெரியவில்லை, உலகம்மைக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. இந்த இரண்டு பேரையும் இப்படியே மடியில் தூக்கி வைத்துக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். பெட்டி இருமி, கடைசித் துளியைத் துப்பிவிட்டு நிற்கிறது.

டாக்டர் ஜெஸிந்தா வந்தார், ஸ்டெதாஸ்கோப்பின் தலையை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கினார், பிள்ளையை வாங்கிக்கொள்ள உலகம்மை எழுந்தபோது, "இருக்கட்டும், அவுக மடியிலயே இருக்கட்டும்," என்றார். முதுகில் வைத்துக் கேட்டார். இடம் மாற்றிக் கேட்டார். நெஞ்சில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம். உலகம்மை டாக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை, அண்ணனின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிள்ளையின் வயிற்றைச் சுற்றிக் கோத்திருக்கிற அந்தக் கைகளை. விசில் இல்லை என்று சொல்லிவிடுங்கள் டாக்டர், எனக்காக வேண்டாம், அவனுக்காகச் சொல்லுங்கள், இந்த ஒரு தடவை மட்டும் இல்லை என்று வரட்டும், இருக்கிறது என்று சொன்னால் இந்தக் கைகள் பிரிந்துவிடும், பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு அவன் மறுபடி வாசலுக்குப் போய்விடுவான், அப்புறம் எதைச் சொல்லிக் கூப்பிடுவேன். டாக்டர் காதிலிருந்து குழாயை எடுத்தார். "கொறைஞ்சிருக்கு. ஆனா இருக்கு உலகம்மை. இன்ஹேலர் தொடங்கிருவோம். முகத்துல மாஸ்க் வச்சுக் காலையிலயும் சாயங்காலமும் ஒரு நாள் விடாமக் குடுக்கணும். ஒங்களுக்கு விடிஞ்சதும் வேல, அவுக அப்பாவும் ஊர்ல இல்ல. யாரு குடுப்பீங்க?" உலகம்மை வாயைத் திறப்பதற்குள் சொரிமுத்து பிள்ளையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி, அவள் தலை தன் தாடைக்கு அடியில் வரும்படி சரியாக உட்கார வைத்துக்கொண்டான். ஒரு மூச்சு வாங்கினான். "நானும் காலையில சாயங்காலம் என் இன்ஹேலர அடிக்க வேண்டியதுதான டாக்டரம்மா," என்றான். "நாங்க ரெண்டு பேரும் சேந்து உக்காந்து அடிச்சுக்கிடுதோம்."